பள்ளிச் சாமான்களுக்குப் பெயர் லேபிள்: எதில் ஒட்டலாம், எதைத் தைக்க வேண்டும்

பள்ளி ஜெர்சி (ஸ்வெட்டர்) தொலைவதற்குக் காரணம் ஒன்றுதான்: எல்லாப் பிள்ளைகளும் ஒரே ஜெர்சியைப் போட்டிருக்கிறார்கள். குளிர்காலக் காலையில் மாட்டிக்கொண்டு போவதை, தென்னாப்பிரிக்காவில், அதுவும் நம் டர்பன் நகரத்தில், வெயில் பத்து மணிக்கெல்லாம் கழற்ற வைத்துவிடும். வேலியிலோ பெஞ்சிலோ போட்டுவிட்டு ஓடுவார்கள். மணி அடித்ததும் கைக்குக் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வருவார்கள். பெயர் இருந்தால் ஓரிரு நாளில் வீடு திரும்பும். இல்லாவிட்டால் அலுவலகத்துப் பெட்டியில் கிடந்து, பருவம் முடிந்ததும் பழைய சீருடை விற்கும் மேசைக்குப் போய்விடும்.

பெயர் போட்டும் தொலைகிறது என்று குறைப்படுபவர்களும் உண்டு. அப்படிப்பட்ட துணியைப் புரட்டிப் பார்த்தால் மூன்றில் ஒரு கோளாறு இருக்கும். பெயர் யாருடையது என்று விளங்காது. அல்லது அந்தத் துணிக்கு ஒத்துவராத லேபிள். அல்லது துவைக்கும்போது பிரஷ் படுகிற இடத்தில் வைத்த லேபிள். ஒரே பாக்கெட்டை வாங்கி எல்லாவற்றிலும் ஒட்டிவிடலாம் என்ற நினைப்பில்தான் பாதிக் காசு வீணாகிறது.

எந்தப் பெயரை எழுதுவது

சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், லெனேசியா போன்ற, இந்திய வம்சாவளியினர் நிறைந்த இடங்களில் ‘கே. நாயுடு’ என்று மட்டும் எழுதுவது எழுதாததற்குச் சமம். ஒரே வகுப்பில் இரண்டு நாயுடு, மூன்று கோவெண்டர், பக்கத்து வகுப்பில் ‘பிள்ளை’, ‘மூட்லி’ என்ற குடும்பப் பெயரில் இன்னும் நான்கு பேர் என்று இருப்பது சாதாரணம். முதலெழுத்தை நம்பாதீர்கள். பிள்ளையின் முழுப் பெயரையும் குடும்பப் பெயரையும் எழுதுங்கள். இடம் போதாவிட்டால் இரண்டு வரியாக அச்சிடுங்கள், சுருக்காதீர்கள்.

இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ அண்மையில் வந்த குடும்பங்களுக்கு இன்னொரு சிக்கல். அங்கே அப்பா பெயரின் முதலெழுத்து முன்னால் வரும். இங்கே பள்ளிப் பதிவேட்டில் அந்த அப்பா பெயரே குடும்பப் பெயராக ஏறியிருக்கும். ஆசிரியர் தேடுவது பதிவேட்டில்தான். ஆகவே வீட்டில் எப்படி எழுதினாலும் சரி, லேபிளில் பதிவேட்டில் உள்ளபடியே இருக்கட்டும், எழுத்துக்கூட்டலும் உட்பட.

வகுப்பைத் துணியில் எழுத வேண்டாம். ஜனவரி வந்தால் வகுப்பு மாறிவிடும், லேபிள் மாறாது. வகுப்பு நோட்டுப் புத்தகத்துக்கு மட்டும் போதும். அக்காவிடமிருந்து தம்பிக்கு இறங்கப்போகிற ஜெர்சி, மழைக்கோட்டு, பை போன்றவற்றில் பிள்ளையின் பெயரை விட்டுவிட்டுக் குடும்பப் பெயரும் பெற்றோரின் 10 இலக்கக் கைப்பேசி எண்ணும் போடுவது நல்லது. ஒருமுறை தைத்தால் இரண்டு பிள்ளைக்கும் ஆகும்.

வீட்டு முகவரி எதிலும் வேண்டாம். பெயரையும் வெளியே தெரிகிற மாதிரிப் போடாதீர்கள். பையின் முதுகில் பெரிய எழுத்தில் பெயரிருந்தால், டாக்ஸி நிறுத்தத்தில் முன்பின் தெரியாத ஆள்கூடப் பெயர் சொல்லிக் கூப்பிட முடியும். சின்னப் பிள்ளை, பெயரைச் சொல்கிறவரைத் தெரிந்தவர் என்றே நினைக்கும். பைக்குள்ளே, மூடியின் அடியில், சட்டையின் உள்ளே என்று எல்லாம் உட்புறமாகவே இருக்கட்டும்.

கிரெஷ் என்னும் மழலையர் காப்பகத்திலும், முதல் வகுப்புக்கு முந்தைய கிரேடு ஆர் வகுப்பிலும் உள்ள பிள்ளைகளுக்கு எழுத்து தெரியாது. அவர்களுக்குப் பெயரோடு ஒரு படமும் வேண்டும்: மயில், பஸ், மாம்பழம், எதுவானாலும் சரி, ஆனால் எல்லாச் சாமானிலும் அதே படம். ஒரு வாரத்தில் தன் தொப்பியைத் தானே எடுக்கப் பழகிவிடும். தமிழெழுத்தில் போட ஆசையிருந்தால் ஆங்கில எழுத்துக்குக் கீழே இரண்டாவது வரியாகப் போடலாம். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புச் சாமான்களுக்குத் தமிழ் மட்டுமே போதும்.

எழுத்தின் உயரம் 3 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. வெள்ளைப் பட்டியில் கறுப்பு, தடித்த நேர் எழுத்து. வளைவும் சுழியுமான மெல்லிய எழுத்து கடைக்காரர் காட்டும் மாதிரியில் அழகாகத்தான் இருக்கும். பத்துச் சலவைக்குப் பிறகு பாதிக் கோடு காணாமல் போயிருக்கும்.

எத்தனை, எப்போது

ஒரு பிள்ளைக்குத் துணிக் கணக்கு ஏறக்குறைய இப்படி வரும்: சட்டை 5, கால்சட்டை அல்லது பாவாடை 3, ஜெர்சி 2, பிளேசர் 1, டை 1, பி.டி. சட்டை 2, பி.டி. அரைக்கால்சட்டை 2, டிராக்சூட் மேலும் கீழுமாக 2, நீச்சலுடை 1, துண்டு 1, வெயில் தொப்பி 1, மழைக்கோட்டு 1, பை 2. மொத்தம் 24. வருட நடுவில் கால்சட்டை குட்டையாகிவிடும், புதிது வாங்குவீர்கள். ஆகவே 36 எடுத்தால் சரியாக இருக்கும். காலுறையை இதில் சேர்க்கவில்லை, அதற்கு வழி வேறு. கெட்டியான சாமான்களுக்குத் தனியாக ஒட்டு லேபிள்: பெரியது ஒரு 12, பென்சிலுக்குப் பொருந்தும் மெல்லியது 40.

அச்சிடக் கொடுப்பதானால் நவம்பரிலேயே கொடுத்துவிடுங்கள். டிசம்பர் நடுவில் சின்ன அச்சகங்களும் பட்டறைகளும் பூட்டினால் ஜனவரி முதல் வாரம் கழித்துத்தான் திறக்கும். பள்ளியோ ஜனவரி நடுவில் திறந்துவிடும். அந்த இடைவெளியில் அவசரமாகக் கிடைப்பது மலிவான காகித லேபிள்தான். அது முதல் சலவையிலேயே கூழாகும்.

முதலில் பார்க்க வேண்டியது இஸ்திரிக் குறி

எந்த லேபிள் என்று முடிவு செய்யுமுன் துணியின் உள்ளே இருக்கும் சலவைக் குறிப்பைப் பாருங்கள். இஸ்திரிப் பெட்டி படத்துக்குள் புள்ளிகள் இருக்கும். ஒரு புள்ளி என்றால் 110 டிகிரி செல்சியஸ் வரை, இரண்டு புள்ளி 150 வரை, மூன்று புள்ளி 200 வரை தாங்கும். இஸ்திரி போட்டு ஒட்டும் லேபிளின் பின்பக்கப் பசை உருகிப் பிடிக்க, இரண்டு புள்ளிச் சூடாவது பெரும்பாலும் வேண்டும். ஆகவே விதி எளிது: ஒரு புள்ளியோ, பெருக்கல் குறி போட்ட இஸ்திரிப் படமோ இருந்தால் இஸ்திரி லேபிள் அந்தத் துணிக்கு ஆகாது. பாலியெஸ்டர் கலந்த பருத்திச் சட்டை, பருத்திப் பி.டி. சட்டை, பெரும்பாலான கால்சட்டைகள் இதில் தேறிவிடும். அக்ரிலிக் ஜெர்சி, நைலான் மழைக்கோட்டு, நீச்சலுடை மூன்றும் தேறாது.

அக்ரிலிக்கைப் பற்றி ஒரு வார்த்தை. கடையில் கம்பளி மாதிரியே இருக்கும் பள்ளி ஜெர்சிகளில் பல அக்ரிலிக்தான். சூடு பட்ட இடம் பளபளத்து, தொய்ந்து, பின்னல் இழுவையை இழந்துவிடும். அதைத் திருப்பிக் கொண்டுவர வழியே கிடையாது.

இஸ்திரி லேபிளை உரியாமல் ஒட்டுவது

இந்த வகை லேபிளைத்தான் மக்கள் அதிகம் வாங்குகிறார்கள். அதிகம் திட்டுவதும் இதைத்தான். உரிகிறது என்றால் பெரும்பாலும் லேபிள் மேல் தப்பில்லை, ஒட்டிய விதத்தில்தான்.

புதுத் துணியை ஒருமுறை துவைத்துவிட்டு ஒட்டுங்கள். கடைத் துணியில் விறைப்புக்காகப் பசை போட்டிருப்பார்கள்; லேபிளின் பசை நூலைப் பிடிக்காமல் அந்தப் பூச்சைப் பிடித்துக்கொள்ளும், பூச்சு கரைந்ததும் லேபிளும் கையோடு வரும். அந்தச் சலவையில் துணி மென்மையாக்கும் திரவம் ஊற்றாதீர்கள். அது நூலின் மேல் வழவழப்பான படலம் விட்டுப் போகும்.

இஸ்திரிப் பலகை இதற்கு ஏற்றதல்ல. அதன் மெத்தை அழுத்தத்தை விழுங்கிவிடும். மர மேசையின் மேல் ஒரு பருத்தித் துணியை இரண்டாக மடித்துப் போட்டு அதன் மேல் செய்யுங்கள். மேசையின் வார்னிஷ் கெடாமலிருக்க அடியில் ஒரு பழைய பலகை வைக்கலாம்.

பெட்டியில் நீராவியை நிறுத்தி, தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். சூட்டை இரண்டு புள்ளிக்கு வையுங்கள், பருத்தி என்றால் மூன்றுக்கு. லேபிள் பாக்கெட்டில் வேறு அளவு சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள். விளக்கு அணைந்த பிறகும் ஒரு நிமிடம் பொறுங்கள். பெட்டியின் அடித்தட்டு முழுக்க ஒரே சூடாக வர அந்த நேரம் வேண்டும்.

முதலில் லேபிள் இல்லாமலே அந்த இடத்தை 5 நொடி அழுத்துங்கள். டர்பனில் பிப்ரவரி மாதத்தில் காய்ந்த துணி என்று நாம் நினைப்பதிலும் ஈரம் ஒளிந்திருக்கும். லேபிளுக்கு அடியில் அந்த ஈரம் ஆவியானால் பசைக்கும் துணிக்கும் நடுவே குமிழ் விழும். ஜோஹானஸ்பர்க்கின் வறண்ட குளிர்காலத்தில் இந்தப் படியை விட்டாலும் பாதகமில்லை.

பிறகு லேபிளை வைத்து, மேலே கேக் சுடப் பயன்படும் பேக்கிங் தாளை விரித்து, பெட்டியின் மழமழப்பான பகுதியால் 12 முதல் 15 நொடி நேராக அழுத்துங்கள். பெட்டியின் அடியில் நீராவித் துளைகள் உள்ள இடத்தில் சூடும் அழுத்தமும் லேபிளுக்குப் படாது. அந்தத் துளைக்கு நேராக வந்த மூலைதான் பிறகு முதலில் தூக்கும். பெட்டியை முன்னும் பின்னும் தேய்க்கவும் கூடாது. பசை உருகியிருக்கும்போது தேய்த்தால் லேபிள் நகர்ந்து, எழுத்து கோணலாகி, ஓரத்தில் பசை பிதுங்கும்.

எடுத்ததும் தொடாதீர்கள். துணி முழுதும் ஆறிய பிறகு ஓரத்தை நகத்தால் மெல்லத் தட்டிப் பாருங்கள். தூக்கினால் தாளை வைத்து இன்னும் 10 நொடி. பிறகு துணியைத் திருப்பி, வெளிப்பக்கத்திலிருந்தும் ஒரு 5 நொடி அழுத்தினால் பசை இழைக்குள் இறங்கும். அடுத்த 24 மணி நேரம் துவைக்கக் கூடாது.

மின்தடை அட்டவணை ஓடுகிற நாளில் வேலையைத் தொடங்குமுன் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். பாதிச் சூட்டில் ஒட்டிய லேபிள் பார்க்கச் சரியாகவே தெரியும், இரண்டாவது சலவையில் கழன்றுவிடும். கரண்டு போய்விட்டால் பெட்டியில் மிச்சமிருக்கும் சூட்டை நம்பி இன்னொரு சட்டையை முடித்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம்.

எங்கே ஒட்டுவது? காலரின் உள்மடிப்பில் நடுவில் ஒட்டுவதுதான் வழக்கம், அதுதான் கெட்ட இடம். பச்சைச் சோப்புக் கட்டியைப் பூசிப் பிரஷால் தேய்ப்பது அங்கேதான். வியர்வையும் அங்கேதான் சேரும். சட்டைக்கு இடுப்புக்குக் கீழே, பக்கத் தையலின் உட்புறத்தில், கால்சட்டைக்குள் போகிற பகுதியில் ஒட்டுங்கள். கழுத்தில் உறுத்துகிறது என்ற தொல்லையும் இருக்காது. கால்சட்டைக்கு இடுப்புப்பட்டையின் உள்பக்கம், பின்நடுவில். எலாஸ்டிக் சுருங்கும் இடத்தில் மட்டும் வேண்டாம், இழுபட்டு உடையும்.

தைப்பது

விலையுள்ள துணி எதுவானாலும் தைத்துவிடுங்கள் என்பதே எங்கள் கருத்து. பிளேசர், கம்பளி ஜெர்சி, டிராக்சூட், பை, துண்டு. நெய்த லேபிள் 10 முதல் 12 மில்லிமீட்டர் அகலம், 6 செ.மீ. நீளம் இருந்தால் போதும். எழுத்தும் நூலாகவே நெய்யப்பட்டிருப்பதால் அது அழியவே அழியாது. துணி கிழிந்து போனாலும் பெயர் நிற்கும்.

நூல் பாலியெஸ்டராக இருக்கட்டும். பருத்தி நூல் சலவையில் சுருங்கி லேபிளைச் சுருட்டும். இரண்டு முனையையும் 5 மில்லிமீட்டர் உள்ளே மடித்து, நான்கு பக்கமும் 2 மில்லிமீட்டர் தையலாகப் போடுங்கள், மூலையில் இரண்டு முறை. இது சட்டைக்கும் துண்டுக்கும்.

ஜெர்சிக்கு இந்த முறை கூடாது. பின்னல் துணி விரிந்து சுருங்கும். நாலு பக்கமும் தைத்த லேபிள் விரியாது. பிள்ளை தலையை நுழைக்கும்போது கண்ணி அறுந்து, லேபிளைச் சுற்றி ஓட்டை விழும். லேபிளை இரண்டாக மடித்து வளையம் போலாக்கி, கழுத்தின் பின்புறம் உள்ள நாடாப் பட்டையில் அதன் வெட்டு முனையை மட்டும் தையுங்கள். நாடா இல்லாத ஜெர்சி என்றால் லேபிளின் இரண்டு குட்டைப் பக்கங்களை மட்டும் தையுங்கள், நடுவில் ஒரு தீக்குச்சி நுழைகிற அளவு தளர்வு விட்டு.

பிளேசரில் கவனம் வேண்டும். உள்துணி வழுக்கலான மெல்லிய லைனிங். இஸ்திரி லேபிள் வைத்தால் கருகும் அல்லது சுருங்கும். மாட்டும் கொக்கி வளையத்துக்குக் கீழே, ஊசி லைனிங்கை மட்டும் பிடிக்கும்படி ஆழமில்லாமல் தையுங்கள். வெளித்துணி வரை ஊசி போனால் முதுகில் புள்ளி புள்ளியாகத் தெரியும். பிளேசரின் உள்பைக்குள் இன்னொரு லேபிள் போட்டுவையுங்கள். இங்கே பிளேசர் விலை தெரியுமல்லவா? முதல் லேபிளைக் கத்தரித்துவிட்டு வேறு பெயர் போட்டுக்கொள்வதும் நடக்கிறது. உள்பையில் இருப்பதை யாரும் தேடுவதில்லை.

நெய்த லேபிளுக்குப் பதிலாக வீட்டிலேயே செய்யலாம். 12 மில்லிமீட்டர் பருத்தி நாடா ஒரு மீட்டர் வாங்கினால் 7 செ.மீ. வீதம் பதினான்கு துண்டு வரும், மடிப்புக்கான அரை சென்டிமீட்டர் இரு பக்கமும் சேர்த்து. முதலில் வெட்டாதீர்கள். நாடாவைக் கஞ்சித் தெளிப்பான் அடித்து இஸ்திரி போட்டு விறைப்பாக்கி, மாஸ்கிங் டேப்பால் மேசையில் இழுத்து ஒட்டி, வரிசையாக எழுதுங்கள். கஞ்சி இருப்பதால் மை பரவாது. சில மணி நேரம் காயவிட்டு, மேலே துணி போட்டு இரண்டு மூன்று நிமிடம் உலர்ந்த சூட்டில் அழுத்தி மையைப் பிடிக்க வையுங்கள். அதற்குப் பிறகு வெட்டுங்கள்.

மையால் எழுதுவது

கோக்கி எனப்படும் ஸ்கெட்ச் பேனாவால் எழுதுவது பலருக்குப் பழக்கம். பிள்ளைகள் வரையும் கோக்கி தண்ணீரில் கரையும், துணிக்கு உதவாது. எல்லாப் பரப்பிலும் எழுதும் நிரந்தர மார்க்கர் கொஞ்சம் மேல், ஆனால் அதன் மை பெரும்பாலும் சாயம். வெயில் அதை மெல்ல மெல்ல வெளுக்கும், ஜிக் போன்ற பிளீச் ஒரே நாளில் அழிக்கும். சலவைக்கென்று விற்கும், நிறமி மை உள்ள பேனா வாங்குங்கள். கரித்தூள் சேர்ந்த கறுப்பு நிறமியைப் பிளீச்சும் வெயிலும் அசைக்காது. ஜோஹானஸ்பர்க் இருக்கும் கௌடெங் மாகாண மேட்டுநிலத்தில் உயரம் காரணமாக வெயில் இன்னும் கடுமை. துணியை உள்பக்கம் வெளியே திருப்பிக் கொடியில் போட்டால் நிறம் போவதும் குறையும், ஆனால் பெயர் வெயிலில் நேராகக் காயும் என்பதையும் மறக்க வேண்டாம்.

நீச்சலுடைக்கு மைதான் ஒரே வழி. குளோரின் நீரும் இழுவையும் எந்தப் பசையையும் விடாது, ஊசி போட்டால் எலாஸ்டிக் அறும். உள்ளே தைத்திருக்கும் சலவைக் குறிப்புப் பட்டியில் எழுதிவிடுங்கள். சலவைக் குறிப்பின் வழுக்கலான வெள்ளைப் பட்டியில் ஒட்டுவதற்கென்றே வரும் ஒட்டு லேபிளும் உண்டு. சட்டைக்கு அது நல்ல சோம்பேறி வழி. கட்டைவிரலால் 10 நொடி அழுத்தி, ஒரு நாள் விட்டுத் துவைத்தால் நிற்கும். துணியின் மேலேயே ஒட்டினால் நிற்காது.

காலுறை

சாம்பல் நிறப் பள்ளிக் காலுறையில் லேபிள் ஒட்டுவது வீண். அதன் பின்னல் இழுபடுவதற்கு எந்த லேபிளும் ஈடுகொடுக்காது. கால்விரல் தையலின் உட்புறத்தில், குடும்பத்துக்கென்று ஒரு நிற எம்பிராய்டரி நூலால் மூன்று சின்னத் தையல் போடுங்கள். பிள்ளைக்குப் பிள்ளை நிறம் மாற்றிக்கொள்ளலாம். வெள்ளை விளையாட்டுக் காலுறைக்குச் சலவைப் பேனா போதும், பாதத்தின் குழிவில். குதிகாலிலும் விரலடியிலும் எழுதினால் ஒரு மாதத்தில் தேய்ந்துபோகும்.

காலணி

கறுப்புத் தோல் ஷூவில் நாக்கின் உட்புறத்தில் வெள்ளை பெயின்ட் பேனாவால் இரண்டு பூச்சு. முதல் பூச்சு காய்ந்த பிறகே இரண்டாவது. டக்கீஸ் எனப்படும் விளையாட்டு ஷூ என்றாலும் நாக்கின் உட்புறம்தான், அது துணியானால் சலவைப் பேனா. ஷூவுக்குள் கால் படும் அடித்தட்டில் ஒட்டும் லேபிள் விற்கிறார்கள். குதிகாலில் ஒட்டாமல் பாத வளைவில் ஒட்டி, மேலே தெளிவான பாதுகாப்புத் தாளும் ஒட்டினால் சில மாதம் ஓடும். வலது, இடது இரண்டிலும் பெயர் வேண்டும்; ஒற்றை ஷூ காணாமல் போவதுதான் அதிகம்.

கோயிலுக்குப் போகும் செருப்புக்கும் இதே கவனம் கொடுங்கள். தைப்பூசக் காவடி நாளில் டர்பனின் உம்கேனி சாலைக் கோயில் வாசலில் செருப்பைக் கழற்றினால், திரும்பி வரும்போது எத்தனையோ ஒரே மாதிரி ஸ்லாப்ஸ் (ரப்பர் செருப்பு) இருக்கும். அந்த மெத்தென்ற நுரை ரப்பரில் ஒட்டு லேபிள் பிடிக்காது. அடித்தட்டின் பக்கவாட்டில், கால் உராயாத இடத்தில் நிரந்தர மார்க்கரால் எழுதுங்கள். பரதநாட்டிய வகுப்புக்குப் போகும் சலங்கைக்குத் தோல் பட்டையின் அடிப்புறத்தில் நெய்த லேபிளைத் தைக்கலாம்; தோல் தடிப்பாக இருந்தால் செருப்புத் தைப்பவரிடம் இரண்டு தையல் போடச் சொல்லுங்கள்.

தண்ணீர் பாட்டில், லஞ்ச் டின், பென்சில்

இங்கே துணிக்கு நேர்மாறு. ஒட்டு லேபிள்தான், அதுவும் மேலே லேமினேட் செய்த வினைல். ஒட்டும் இடத்தை மெத்திலேட்டட் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்து, சுத்தமான துணியால் காயத் துடையுங்கள். கைப்பிசுக்கு இருந்தால் பசை அதைத்தான் பிடிக்கும். லேபிளின் மூலைகளைக் கத்தரியால் வட்டமாக வெட்டிக்கொள்ளுங்கள். கூர் மூலைதான் முதலில் தூக்கும், தூக்கியதைப் பிள்ளை பாடவேளையில் உரித்து முடித்துவிடும். நடுவிலிருந்து ஓரத்துக்கு நகத்தால் நீவி, ஒரு நாள் நனையாமல் வையுங்கள்.

பாட்டிலில் கை பிடிக்கும் இடத்தையும், மேடுபள்ளமான இடத்தையும், இரண்டு பக்கமாக வளையும் தோள்பகுதியையும் தவிர்க்கவும். அடிப்பாகம் தட்டையாக இருந்தால் அங்கே ஒட்டுவதே நல்லது. சிலிகான் மூடியில் எந்தப் பசையும் நிற்காது. அந்தப் பாட்டிலுக்கு உடலில் ஒட்டி, மூடிக்கு நிற ரப்பர் வளையம் மாட்டுங்கள். லஞ்ச் டின்னில் மூடிக்கும் டப்பாவுக்கும் தனித்தனியாகப் பெயர் வேண்டும், இரண்டும் வேறு வேறு வீட்டுக்குப் போவதுண்டு. மார்க்கரால் நேராகப் பிளாஸ்டிக்கில் எழுதினால் கைகழுவும் சானிடைசரின் ஆல்கஹாலும் சன்ஸ்கிரீனும் அதைக் கரைத்துவிடும்.

பென்சிலுக்கு லேபிளே வேண்டாம். முனை சீவாத பக்கத்தில் கத்தியால் 3 செ.மீ. நீளத்துக்குப் பெயின்ட்டை மட்டும் சீவி, தெரியும் மரத்தில் பால்பாயின்ட் பேனாவால் எழுதுங்கள். கோக்கிக்கு மூடியில் எழுதாமல் உடம்பில் எழுதுங்கள். மூடி மாறாத கோக்கி கிடையாது. கலர் பென்சில் 24 இருந்தால் 24லிலும் எழுதத்தான் வேண்டும், பெட்டியில் மட்டும் எழுதினால் பெட்டிதான் திரும்பி வரும்.

பள்ளி கொடுத்த பாடப்புத்தகம் ஆண்டு இறுதியில் திருப்பிக் கொடுக்க வேண்டியது. லேபிளைப் புத்தகத்தில் ஒட்டாமல் மேலே போடும் பிளாஸ்டிக் உறையில் ஒட்டுங்கள்.

ஆஸ்துமா பம்ப் உள்ள பிள்ளைக்குப் பெயர் பெட்டியில் மட்டும் இருந்தால் போதாது, பெட்டி முதல் நாளே குப்பைக்குப் போகும். பம்பின் பிளாஸ்டிக் உடம்பில் ஒட்டுங்கள். காலாவதித் தேதியையும் மிச்ச அளவு காட்டும் சாளரத்தையும் லேபிள் மறைக்கக் கூடாது. மருந்துக் குப்பி மாற்றும்போது அதிலும் புதிதாக எழுதுங்கள்.

பழைய பெயரை எடுப்பது

பழைய சீருடை மேசையில் வாங்கியதிலோ, நீங்கள் கொடுக்கப் போவதிலோ முந்தைய பெயர் இருக்கும். தைத்ததைத் துணியிலிருந்து பிரிக்கும்போது லேபிளை இழுக்காமல், லேபிளுக்கு மேலே ஓடும் நூலை மட்டும் நாலைந்து இடத்தில் கத்தரித்துத் தூக்குங்கள். இஸ்திரி லேபிளைக் குளிர்ச்சியாகப் பிய்த்தால் துணியின் நூலும் சேர்ந்து வரும். தாளை வைத்து 10 நொடி சூடேற்றி, சூடாக இருக்கும்போதே ஒரு மூலையைச் சாமணத்தால் பிடித்து மெதுவாக இழுங்கள். மிஞ்சிய பசையின் மேல் பழுப்புத் தாளை வைத்து மறுபடி இஸ்திரி போட்டால் தாள் அதை இழுத்துக்கொள்ளும், தாளின் புதிய பகுதிக்கு மாற்றி மாற்றி மூன்று நான்கு முறை. மையால் எழுதியது போகாது. அதன் மேல் அகலமான லேபிளைத் தைத்து மூடிவிடுங்கள்.